வாரிக் டன்: 18 வயதில் ஐந்து பேருக்கு அப்பா, அப்புறம் 200 வீடுகள் (அமெரிக்கன் ஃபுட்பால்)

பாலா_லூசியானா

இந்தப் பகுதியில் அமெரிக்கன் ஃபுட்பால் என்றாலே பிராடியா மஹோம்ஸா என்ற சண்டைதான் ஓடுகிறது. ஒரு மாறுதலுக்கு, என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) கோப்பை எதுவும் வெல்லாத ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் சில ஆண்டுகள் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரத்தில் வேலை பார்த்தவன். அங்கே வாரிக் டன் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பிப்பதில்லை, அவருடைய அம்மாவைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள்.

1975 ஜனவரி 5 அன்று பிறந்தவர். அம்மா பெட்டி ஸ்மதர்ஸ், பேட்டன் ரூஜ் நகரப் போலீஸில் கார்ப்பரல். கணவர் துணையில்லாமல் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். வாரிக்தான் மூத்தவர். போலீஸ் சம்பளம் போதாததால், டியூட்டி முடிந்த பிறகு சீருடையோடேயே கடைகளுக்குக் காவல் வேலைக்கும் போவார். பையன் படித்தது கத்தோலிக்க் ஹைஸ்கூல், துறவறச் சகோதரர்கள் நடத்தும் ஆண்கள் பள்ளி. லூசியானாவில் வெள்ளிக்கிழமை இரவு ஹைஸ்கூல் ஃபுட்பால் என்றால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே இவர் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), தடுப்பாட்டத்தில் கார்னர்பேக் என்று மூன்று இடத்திலும் ஆடினார். அவர் படித்த காலத்தில் அந்தப் பள்ளி தன் வரலாற்றில் முதன்முறையாக 4ஏ பிரிவின் மாநில இறுதிப்போட்டிக்குப் போனது. ஆட்டம் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில்.

1993 ஜனவரி 7. வாரிக்குக்கு 18 வயது நிரம்பி இரண்டே நாள். ஒரு மளிகைக் கடையின் அன்றைய வசூலை வங்கியின் இரவுப் பெட்டியில் போடக் கடை மேலாளரோடு துணைக்குப் போன பெட்டி ஸ்மதர்ஸை வழிப்பறிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 36. காயத்தோடு காரை ஓட்டிக்கொண்டு தப்பிய மேலாளர் பிழைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. சொந்தமாக ஒரு வீடு. அது நிறைவேறவில்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு 200 வீடுகள் கிடைக்க உதவியது உட்பட, இந்த மனிதர் பிறகு செய்த அத்தனையும் அந்த ஒரு பாக்கியை அடைப்பதற்குத்தான் என்பது என் கட்சி. "சமூக சேவை செய்த விளையாட்டு வீரர்" என்ற பொதுப் பெட்டிக்குள் இவரைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

---

தம்பி_2002

அண்ணே, பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆடிப் பார்த்ததில்லை. எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? கல்லூரியில் என்ன செய்தார்?

---

பாலா_லூசியானா

உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 180 பவுண்டு, அதாவது 82 கிலோவுக்குள். என்எஃப்எல் ரன்னிங் பேக்குக்கு இது சின்ன உடம்பு. எதிரில் வருகிறவர்களில் பலர் 110, 130 கிலோ இருப்பார்கள். இவர் ஓடுவதைப் பார்த்தால் கபடியில் ஒல்லியான ரைடர் ஒருவன் நாலு பேர் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு கோட்டுக்கு வருவது மாதிரி இருக்கும்.

சேர்ந்தது ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம், பயிற்சியாளர் பாபி பௌடன். முதல் ஆண்டு அறைத்தோழர் சார்லி வார்ட். அதே 1993-ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கி, பிறகு ஃபுட்பாலை விட்டுவிட்டு நியூயார்க் நிக்ஸ் அணிக்குக் கூடைப்பந்து ஆடப் போனாரே, அந்த வார்ட்தான். அம்மா இறந்த அதே ஆண்டு வீட்டை விட்டு வந்த பையன், தூக்கம் வராமல், யாரோடும் பேசாமல் இருந்த காலத்தில் பக்கத்தில் இருந்தவர்.

களத்தில் மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை. 1993 நவம்பரில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தோடு அவர்களுடைய கோட்டையான கெய்ன்ஸ்வில்லில் ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் இவர்களுடைய முன்னிலை சுருங்கிக்கொண்டே வருகிறது. மூன்றாவது டவுன் (பந்தை முன்னேற்றும் வாய்ப்பு), 10 யார்டு வேண்டும். வார்ட் ஓரமாக நின்ற டன்னிடம் பந்தை எறிகிறார், டன் 79 யார்டு ஓடி டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). 33-21. அந்த ஆண்டு தேசியப் பட்டமும் வந்தது. அடுத்த சீசனின் சுகர் பௌல் என்ற கல்லூரிக் கோப்பை ஆட்டத்தில், அதே சூப்பர்டோமில், ரன்னிங் பேக்கான இவரே பந்தை எறிந்து 73 யார்டு டச்டவுன் போட்டதை யூடியூபில் தேடிப் பார். தொடர்ந்து மூன்று சீசன் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார்.

இதற்கிடையில் பேட்டன் ரூஜில் தம்பி தங்கைகள் ஐந்து பேர். பாட்டி கூட இருந்து பார்த்துக்கொண்டார். ஆனால் சட்டப்படி பொறுப்பாளர் இவர். பள்ளிக் கட்டணம், யார் எங்கே போகலாம் போகக்கூடாது, எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகம் இருக்கும் டல்லஹாஸியிலிருந்து போன். அப்போது கல்லூரி ஆட்டக்காரர்கள் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதிக்க முடியாது. அந்த விதி 2021-ல்தான் தளர்ந்தது. இவ்வளவு நெருக்கடியிலும் பாதியில் விட்டுவிட்டு என்எஃப்எல் போகாமல் நாலு ஆண்டும் முடித்தார்.

---

கோடம்பாக்கம்_கோபி

சோகக் கதை, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அமெரிக்க விளையாட்டில் "கம்யூனிட்டி சர்வீஸ்" என்பதே ஒரு துறை. லீக் விருது வைத்திருக்கிறது, ஒவ்வொரு அணியும் ஆண்டுதோறும் ஒருவரைப் பரிந்துரைக்கிறது, நன்றித் திருநாளுக்கு முன்னால் வான்கோழி கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். ஆட்டக்காரர்களின் அறக்கட்டளைகள் பலவற்றில் வசூலில் பெரும்பங்கு விருந்துக்கும் சம்பளத்துக்குமே போய்விடுகிறது. கால் நூற்றாண்டில் 200 வீடு என்பது கோடிகளில் புரளும் ஒரு ஆளுக்குப் பெரிய கணக்கா? அந்த வீட்டையும் அவர் வாங்கித் தருவதில்லை, முன்பணம்தான் தருகிறார் என்று படித்தேன்.

---

செல்வி_அட்லாண்டா

கோபி சார், நீங்கள் குறையாகச் சொன்ன அந்த முன்பணம்தான் இதில் சரியான இடம்.

இங்கே வசதி குறைந்தவர்களுக்கு வீடு கட்ட உதவும் தொண்டு அமைப்பான ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டியின் கட்டுமான நாட்களுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து போவோம். ஆணி அடிப்பதில் எனக்குப் பெரிய திறமை இல்லை, பெயின்ட் அடிக்கும் வேலைதான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அங்கே பயனாளிப் பெண்களோடு பேசிப் பேசித் தெரிந்துகொண்டது இது.

வேலைக்குப் போகிற, தனியாகப் பிள்ளை வளர்க்கிற ஒரு பெண் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். பல ஊர்களில் அதே தொகையில் வீட்டுக் கடன் தவணையே கட்டிவிடலாம். ஆனால் முன்பணமும் பதிவுச் செலவும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை கையில் வேண்டும். அது சேரவே சேராது. கார் ரிப்பேர், பிள்ளைக்குக் காய்ச்சல், ஒன்று மாற்றி ஒன்று வந்து சேமிப்பைத் தின்றுவிடும். பெட்டி ஸ்மதர்ஸ் இரண்டு மூன்று வேலை பார்த்தும் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

டன்னின் திட்டம் "ஹோம்ஸ் ஃபார் த ஹாலிடேஸ்", 1997-ல், அவர் டாம்பா பே அணியில் சேர்ந்த முதல் ஆண்டே தொடங்கியது. குடும்பங்களை அவரே கூட்டத்தில் கைகாட்டித் தேர்ந்தெடுப்பதில்லை. ஹாபிடட் போன்ற அமைப்புகள் வழியாக ஏற்கெனவே வீடு வாங்கும் பாதையில் இருப்பவர்கள்தான் வருகிறார்கள். அவர்கள் வரவுசெலவு வகுப்புகளுக்குப் போயிருப்பார்கள், கடன் வரலாற்றைச் சீர்செய்திருப்பார்கள், கட்டுமான இடத்தில் குறிப்பிட்ட மணி நேரம் தாங்களே வேலை செய்திருப்பார்கள். கடன் அவர்கள் பெயரில்தான், தவணையும் அவர்களே கட்ட வேண்டும். டன் தரப்பிலிருந்து 5,000 டாலர் முன்பண உதவி வரும். அதோடு வீடு முழுக்கச் சாமான்: கட்டில், மெத்தை, சோபா, பாத்திரம், துண்டு, நிரம்பிய ஃபிரிட்ஜ், புல் வெட்டும் இயந்திரம் உட்பட.

சாமான் விஷயம் அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரியாது. வெறும் வீட்டின் சாவி என்று நினைத்து வந்து கதவைத் திறப்பார்கள். பிள்ளைகள் முதலில் ஓடுவது அவரவர் கட்டிலுக்குத்தான்.

---

கோடம்பாக்கம்_கோபி

தவணை அவர்கள் பெயரில் என்பது எனக்குத் தெரியாது. அது நல்ல ஏற்பாடுதான். 200 என்ற எண்ணிக்கை பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது.

---

பாலா_லூசியானா

எண்ணிக்கைக்கு என் பதில் இது. திட்டம் டாம்பா, அட்லாண்டா, பேட்டன் ரூஜ், டல்லஹாஸி என்று அவர் வாழ்ந்த ஊர்களில் வேர்விட்டது. ஆண்டு தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வீடு, ஒரு குடும்பம், நேரில் போய் நின்று. அவர் டாம்பாவுக்குப் போனபோது பயிற்சியாளர் டோனி டஞ்சி. புதிதாக வந்த ஆட்டக்காரர்களிடம் "இந்த ஊருக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்கிற வழக்கம் அவருக்கு உண்டு. மற்றவர்கள் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கலாம். 22 வயதுப் பையனுக்கு என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

லீக் விருதைக் கிண்டல் செய்தீர்கள். அந்த வால்டர் பேட்டன் விருது இவருக்கு 2004 சீசனுக்குக் கிடைத்தது. தொடங்கி ஏழு ஆண்டு கழித்து. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நியூ ஆர்லியன்ஸ் அணியைத் தவிர லீக்கில் உள்ள ஒவ்வோர் ஆட்டக்காரரும் 5,000 டாலராவது கொடுங்கள் என்று பொதுவில் கேட்டவரும் இவர்தான். போட்டோவுக்காக நிற்கிற ஆள் சக ஆட்டக்காரர்களின் பர்ஸில் கைவைக்க மாட்டான்.

தம்பி கேட்ட ஆட்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1997 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 12-வது தேர்வு. தொடர்ந்து 14 சீசன் தோல்விக் கணக்கிலேயே கிடந்த டாம்பா அந்த ஆண்டே பிளேஆஃபுக்கு (லீக்கின் இறுதிக்கட்ட நாக்-அவுட் சுற்று) போனது, இவருக்குத் தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த புதுமுகம் விருது. 2002-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு மாறினார். அந்தச் சீசனில்தான் டாம்பா லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றது! இவருக்கு வாய்க்கவில்லை. அட்லாண்டாவில் குவாட்டர்பேக் மைக்கேல் விக்கோடு சேர்ந்து ஆடியபோது 2005-ல் 1,416 யார்டு, அவருடைய மிகச்சிறந்த சீசன். 2008-ல் டாம்பாவுக்கே திரும்பி வந்து முடித்தார். 12 சீசன், ஓடியது 10,967 யார்டு, பிடித்தது 510 பந்து. பதினோராயிரத்துக்கு 33 யார்டு குறைவு. எனக்கு இப்போதும் எரிச்சலாக இருக்கும்.

---

தம்பி_2002

குவாட்டர்பேக் டெஷான் வாட்சன் குடும்பத்துக்குக் கிடைத்த வீடும் இதுதானே? கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆடும்போது ஒவ்வொரு ஆட்டத்திலும் அதைச் சொல்வார்கள்.

---

செல்வி_அட்லாண்டா

ஆமாம். 2006-ல், ஜார்ஜியாவின் கெய்ன்ஸ்வில்லில். (பாலா சொன்ன ஃபுளோரிடா கெய்ன்ஸ்வில் வேறு, குழம்ப வேண்டாம்.) வாட்சனுக்கு அப்போது 11 வயது. அரசு வாடகைக் குடியிருப்பிலிருந்து அம்மாவும் பிள்ளைகளும் அங்கே வந்தார்கள். பிறகு பையன் ஹைஸ்கூலில் பெரிய பெயர் எடுத்து, கிளெம்சனுக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்து, என்எஃப்எல்லின் ஹூஸ்டன் அணிக்கு 12-வது தேர்வாகப் போனான். டன் போன அதே எண்.

---

கோடம்பாக்கம்_கோபி

அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. 20-க்கும் மேற்பட்ட பெண்கள் வாட்சன் மேல் பாலியல் அத்துமீறல் புகாரோடு சிவில் வழக்குப் போட்டார்கள். அவர் மறுத்தார், டெக்சஸில் கிராண்ட் ஜூரிகள் (குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழுக்கள்) குற்றச்சாட்டுப் பதிவு செய்யவில்லை, ஆனால் 2022-ல் லீக் 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. வருடக்கணக்காக "வீடு கொடுத்தோம், நட்சத்திரம் பிறந்தது" என்று விளம்பரம் செய்தவர்கள் இப்போது அதைப் பேசுவதில்லை.

---

செல்வி_அட்லாண்டா

அந்த விளம்பரத்தில் எனக்கு அப்போதே ஒப்புதல் கிடையாது. ஏதோ வீடு கொடுத்தால் குவாட்டர்பேக் விளையும் என்பது போல. வீடு கொடுக்கப்பட்டது வாட்சனுக்கு அல்ல, அவன் அம்மாவுக்கு. அந்த அம்மா பிறகு புற்றுநோயோடு போராடிய காலத்தில் அவருக்கு ஒரு சொந்தக் கூரை இருந்தது. பையன் வளர்ந்து நல்லவனானானா கெட்டவனானானா என்று பார்த்து அந்த உதவியைச் சரி தவறு சொல்ல முடியாது. மற்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் யாரும் டிவியில் வரவில்லை. நர்ஸாக, லாரி ஓட்டுநராக எங்காவது இருப்பார்கள். என்னைக் கேட்டால் திட்டத்தின் கணக்கு அவர்கள்தான்.

---

வழக்கறிஞர்_நெல்லை

பெட்டி ஸ்மதர்ஸ் கொலை வழக்கு எனக்கு வேறு வழியாகத் தெரியும். பிரம்ஃபீல்ட் எதிர் கெயின், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2015. இந்த இழையில் அதையும் வைத்துவிடுகிறேன்.

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்று 2002-ல் அட்கின்ஸ் வழக்கில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்மதர்ஸ் கொலையில் மரண தண்டனை பெற்ற பிரம்ஃபீல்ட் தனக்கு அந்தக் குறைபாடு உண்டு, விசாரணை வேண்டும் என்று கேட்டார். லூசியானா நீதிமன்றம் விசாரணையே தராமல் மறுத்தது. அப்படி மறுத்தது தவறு என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு, எழுதியவர் நீதிபதி சோட்டோமேயர். தண்டனை பிறகு ஆயுளாக மாறியது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் என்ன செய்தார் தெரியுமா? வாரிக் டன் தம்பி தங்கைகளை வளர்த்தது, வீடுகள் கொடுத்தது எல்லாவற்றையும் தீர்ப்பில் விரிவாக எழுதி, கடைசியில் ஸ்மதர்ஸின் படத்தையும் இணைத்தார். டன்னுக்கும் கஷ்டமான இளமைதான், டன் கொலை செய்யவில்லையே என்பது வாதம். மாறுபட்ட தரப்பிலேயே இருந்த நீதிபதி அலிட்டோ, தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் சேர்ந்துகொள்ள, அந்தப் பகுதியில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கதை உத்வேகம் தருவது, பலரும் படிக்க வேண்டியது, ஆனால் சட்ட ஆய்வுக்கு அது அவசியம் என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். என் பார்வையில் அலிட்டோ சொன்னதுதான் சரி. ஒருவனின் நல்ல குணத்தை எடுத்து இன்னொருவனுக்கு மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்ல முடியாது.

டன் தரப்பு இன்னும் சிக்கலானது. 2007-ல் லூசியானாவின் அங்கோலா சிறைக்குப் போய் பிரம்ஃபீல்டை நேரில் சந்தித்தார். பிரம்ஃபீல்ட் கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. தன் குடும்பத்துக்கு அந்த இரவு என்ன செய்தது என்பதை டன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மன்னிப்பதாகவும் சொல்லிவிட்டு வந்தார்.

---

பாலா_லூசியானா

இந்த விவரத்துக்கு நன்றி, வழக்கறிஞரே. இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஊரில் இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் "அம்மா போனதும் பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 18 வயதுப் பையன் அழாமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு விலை இருந்தது. பல ஆண்டு மனச்சோர்வு, யாரையும் நெருங்க விடாத சுபாவம், கடைசியில் அட்லாண்டாவில் ஆடிய காலத்தில் மனநல ஆலோசனைக்குப் போனது, எல்லாவற்றையும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனாகவும் அப்பாவாகவும் ஒரே நேரத்தில் இருந்ததில் தம்பி தங்கைகளோடு உரசல்களும் வந்தன. அவர்கள் வேண்டியது அண்ணனை, கிடைத்தது கண்டிப்பான பொறுப்பாளர். சாவி கொடுக்கும் படங்களில் இந்தப் பக்கம் தெரியாது. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான்.

---

மினியாபொலிஸ்_முருகன்

தாமதமாக வருகிறேன். கோபி கேட்ட "எண்ணிக்கை" கேள்விக்கு வேறொரு ஆளைக் காட்டலாம். ஆலன் பேஜ்.

ஒஹாயோவின் கேன்டன் நகரத்துக்காரர். ஹைஸ்கூல் நட்சத்திரம், நோட்ர டாம் பல்கலைக்கழகம், பிறகு என்எஃப்எல்லில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி. பதின்ம வயதில் கட்டட வேலைக்குப் போனபோது, அவர் ஊரில் எழும்பிக்கொண்டிருந்த, தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் கட்டடத்திலேயே வேலை செய்திருக்கிறார். 1988-ல் அதே கட்டடத்துக்குள் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1971-ல் லீக்கின் மிகமதிப்புமிக்க ஆட்டக்காரர், தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது முதல் தடவை. ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978-ல் பட்டம் வாங்கினார். 1992-ல் மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நின்று வென்றார், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயதுக் கட்டாய ஓய்வு வரை இருந்தார்.

1988-லேயே கல்வி அறக்கட்டளை தொடங்கினார். அதில் ஒரு நிபந்தனை: உதவித்தொகை வாங்கும் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர நேரம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அன்றே கொடுக்கவும் தொடங்கிவிடுகிறார். ஆயிரக்கணக்கான மாணவர்கள் இப்படி. டன்னின் வீடு அந்தக் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது, பேஜின் பணம் கைமாறிக்கொண்டே போகிறது. அமைப்பாகப் பார்த்தால் பேஜ் ஒரு படி மேல்.

---

செல்வி_அட்லாண்டா

வீடு அந்தக் குடும்பத்தோடு நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் முருகன். அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தின் சொத்து என்பதே பெரும்பாலும் வீடுதான். அடுத்த தலைமுறைக்குக் கல்லூரிக் கட்டணமாகவோ கடனுக்கு ஈடாகவோ அது போகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் நடு ஆண்டில் வீடு மாறும்போது பிள்ளையின் பள்ளியும் மாறுகிறது. நிலையான முகவரி என்பதே பாதிப் படிப்பு. நம்மூரில் "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பார்கள். ஒற்றைச் சம்பளத்தில் ஆறு பிள்ளையோடு கட்டிப்பார்க்கச் சொன்னால் தெரியும்.

---

மினியாபொலிஸ்_முருகன்

முகவரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அறக்கட்டளையின் வடிவம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

---

கோடம்பாக்கம்_கோபி

நானும் முழுக்க மாறவில்லை. ஆனால் கேள்வி மாறிவிட்டது. நகரப் போலீஸில் முழுநேர வேலை பார்க்கும் ஒரு பெண், ஆறு பிள்ளை வளர்க்க இரவில் கடைக் காவலுக்கும் போக வேண்டியிருந்தது என்றால் அந்தச் சம்பளத்தைக் கேள்வி கேட்க வேண்டாமா? அதை மகன் வந்து 5,000 டாலராக அடைக்க வேண்டியிருக்கிறது. டன்னிடம் எனக்குக் குறையில்லை. அந்த மாநகராட்சியிடம் இருக்கிறது.

---

பாலா_லூசியானா

இதில் உங்களோடு முழு உடன்பாடு. அங்கே போலீஸ்காரர்கள் டியூட்டி முடிந்து கடை வாசலில் நிற்பது இன்றைக்கும் சாதாரணக் காட்சி.

---

தம்பி_2002

ஒரே ஒரு கேள்வி. இப்போது டன் என்ன செய்கிறார்? ஆட்டம் முடிந்ததும் திட்டமும் முடிந்ததா?

---

பாலா_லூசியானா

முடியவில்லை. 2002-லேயே வாரிக் டன் சாரிட்டீஸ் என்று முறையான அறக்கட்டளையாக்கிவிட்டார். வீட்டுத் திட்டத்தோடு வரவுசெலவுப் பயிற்சி, உடல்நலம் என்று மற்ற வேலைகளும் சேர்ந்துகொண்டன. எமரி பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்தார். ஆடி ஓய்ந்த அடுத்த ஆண்டே ஃபால்கன்ஸ் அணியில் சிறு பங்கு வாங்கி உரிமையாளர்களில் ஒருவரானார்.

முருகன், பேஜுக்குத் தனி இழை தொடங்குங்கள். 1988 ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் தன்னை அறிமுகப்படுத்தப் பயிற்சியாளர் யாரையும் கூப்பிடாமல் ஒரு பள்ளித் தலைமையாசிரியையைக் கூப்பிட்டாரே, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கோபியையும் கூட்டி வாருங்கள்.